கட்டும் கட்டியும்: தேயிலை மலையில் ஒரு சொல்வரலாறு

1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். கொழுந்து பறிக்க வந்த தமிழரோடு ‘கட்டி’ என்னும் சொல்லும் மலையேறியது. இறுகுதற் பொருளில் வரும் ‘கட்டு’ என்னும் வினையோடு உறவுடையது அச்சொல். 1838இல் யோகான்னஸ் முல்லர், தசைநார்போல் உறுதியான ஒருவகைக் கட்டிக்கு ‘டெஸ்மாய்டு’ எனப் பெயரிட்டார். கிரேக்க ‘டெஸ்மோஸ்’ என்பதன் பொருளும் கட்டே.

இக்கட்டி தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவாது. எனினும் அருகிலுள்ளவற்றை ஊடுருவிப் பற்றும். அகற்றியபின் மீண்டும் தோன்றலாம். வயிற்றினுள் அது குடலையும் குருதிக்குழாய்களையும் எவ்வளவு பற்றியுள்ளது என்பதைச் சிடி ஸ்கேன் காட்டுகிறது. அறுவை இயலுமா என்னும் முடிவுக்கு அப்படமே பெருந்துணை. 1971இல் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்ததிலிருந்து வளர்ந்த கலை இது.

தோட்டத்து மூதாட்டியிடம் இதனைப் ‘புற்று’ என்றால் அச்சம் மிகும். ‘வெறுங்கட்டி’ என்றால் கவனம் குறையும். ‘நார்க்கட்டி’ என்றாலோ கருப்பைக் கட்டியென மயங்குவார். 1860களில் மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அவர் வழிநின்று, ‘பற்றுநார்க்கட்டி’ என்னும் பெயரை முன்வைக்கிறேன். ஒப்புதல் தாளில் கைந்நாட்டு இடுமுன் அம்மூதாட்டி அறியவேண்டியது இதுவே: பரவாது, ஆனால் பற்றும்.