நாத்தம் நின்னு போனா

'நாத்தம் புடிச்சவங்க' என்பது ஊர் எங்களுக்கு வைத்த பெயர். தோல் ஷாப்பிலிருந்து வருகிற எங்க சனத்தின் பக்கத்தில் பஸ்ஸில் ஒருத்தரும் உட்கார மாட்டார்கள். அந்த நாத்தத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. அதை நாமதான் எழுத வேண்டும்.

தோலிலிருந்து மயிரை உதிர்க்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். அந்தத் தண்ணியில் அமிலம் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். கழிவுத்தொட்டிச் சகதியிலும், சாக்கடைக் குழியிலும் அதே வாயுதான். கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை வாடை. பத்து லட்சம் பங்கு காற்றில் 100, 150 பங்கு சேர்ந்தால் மோப்ப நரம்பு மரத்துப்போகும். 'இப்ப நாத்தம் இல்ல, எறங்கலாம்' என்று இறங்குகிறவன்தான் சாகிறான். 500ஐத் தாண்டி ஏற ஏற, மூச்சை நடத்தும் மூளைப்பகுதி செயலற்றுப்போகிறது. ஆள் அப்படியே சாய்கிறான். தூக்க இறங்கியவனும் சாய்கிறான். ஒரே குழியில் மூணு பிணம் விழுவது இப்படித்தான்.

பிழைத்தவர்களில் சிலருக்கு மறதி, தலைவலி, தள்ளாட்டம் மிச்சமாகிறது. எங்க தெருவில் அப்படி மீண்ட ஒரு சித்தப்பாவுக்குப் பெத்த பிள்ளை பேரே மறந்துபோச்சு. 'குடிச்சே கெட்டான்' என்றது ஊர்.

1700இல் இத்தாலியின் மோடெனா நகரில் பெர்னார்தினோ ராமாட்சினி என்ற மருத்துவர் தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தன் வீட்டு மலக்குழியை அள்ளியவர் ஏன் அவ்வளவு அவசரப்படுகிறார் என்று அவர் கேட்டதில் பிறந்த நூல் அது. அதிக நேரம் உள்ளே இருந்தால் கண் போய்விடும் என்றார் அந்தத் தொழிலாளி. அந்த வாய்மொழிதான் தொழில்நோய் மருத்துவத்துக்கு விதை. நோயாளியிடம் 'என்ன தொழில் செய்கிறாய்?' என்று கேளுங்கள் என மருத்துவர்களுக்குச் சொன்னவர் ராமாட்சினி. நம்ம நாட்டிலும் தொழிலைக் கேட்டார்கள். நோயைக் கண்டுபிடிக்க அல்ல, சாதியைக் கண்டுபிடிக்க.

1993இலும் 2013இலும் கையால் மலம் அள்ளுவதற்கு எதிராகச் சட்டங்கள் வந்தன. 1993 முதல் சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் தரச் சொன்னது உச்சநீதிமன்றத்தின் 2014 தீர்ப்பு. 2023 அக்டோபரில் அது 30 லட்சமானது. நிரந்தர ஊனத்துக்குக் குறைந்தது 20 லட்சம் என்றும் சொன்னது. ஆனால் நரம்பு கெட்டவனுக்கு வெளியே காயம் தெரியாது. ஆஸ்பத்திரிச் சீட்டில் 'மயக்கம்' என்று மட்டும் எழுதினால் அவன் எதைக் காட்டி வாதாடுவான்?

அதனால் சொல்கிறேன்: நம்ம ஆள் ஒருத்தரை ஆஸ்பத்திரியில் சேர்த்தால், எந்தக் குழியில், என்ன வேலையில் விழுந்தார் என்று சீட்டில் எழுத வையுங்கள். எழுதாமல் அங்கிருந்து நகராதீர்கள்.