பொது இடமும் நாமும்



1859-இல் சென்னை ஆளுநராக வந்த டிரெவெல்யன், நெரிசல் மிகுந்த கறுப்பர் நகரத்து மக்கள் காற்று வாங்க ஒரு பூங்கா வேண்டுமென்று திட்டமிட்டார். 116 ஏக்கரில் பீப்பிள்ஸ் பார்க் உருவானது. விக்டோரியா பொதுமண்டபம், மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை எல்லாம் பின்னாளில் அந்த நிலத்தில் எழுந்தவைதான். பெயர் ‘மக்கள் பூங்கா’. அந்த மக்களில் நாம் உண்டா?

பொது என்ற சொல்லுக்குள் நாமும் உண்டு என்று சென்னை சட்டமன்றத்தில் வாதாடி வென்றவர் இரட்டைமலை சீனிவாசன். பொதுத் தெரு, கிணறு, குளம், அலுவலகம், மக்கள் கூடும் இடம் எதிலும் ஒடுக்கப்பட்டோரைத் தடுக்கக் கூடாது என்ற அவரது தீர்மானம் 1924-இல் நிறைவேறியது, அரசாணையும் வந்தது. 1950-இல் அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு அதே உரிமையை நாடு முழுவதற்கும் ஆக்கியது.

நுழையும் உரிமை வந்துவிட்டது. நுழைவதற்கு நம் பகுதியில் பூங்கா இருக்கிறதா?

சென்னையில் பெரிய மனைப்பிரிவுக்கு அனுமதி வாங்குபவர், சாலை போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். நகரின் பல பூங்காக்கள் இப்படி வந்தவை. நம் குடியிருப்புகள் மனைப்பிரிவாகப் பிறந்தவை அல்ல. புறம்போக்கிலும் ஆற்றோரத்திலும் குடிசை குடிசையாகப் பெருகியவை. வரைபடம் இல்லாத இடத்துக்கு ஒதுக்கீடும் இல்லை. பூங்காக்களைக் காக்க 1959-இல் சட்டம் வந்தது. அது இருக்கும் பூங்காவைத்தான் காக்கும்.

2000 முதல் கூவம் கரை உள்ளிட்ட பல இடங்களிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் கண்ணகி நகருக்கும், பின்னர் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டன. அவர்கள் வாழ்ந்த கூவம் கரைக்கு நடைபாதையும் பூங்காவும் திட்டமிடப்பட்டன. நிழல் தரும் திட்டமே ஒருவர் கூரையைப் பிரித்துவிட முடியும் என்பதை மறக்க வேண்டாம்.

ஆகவே, வளரும் ஒரு குடியிருப்புக்குப் பூங்கா வருகிறது என்றால், திறப்பு விழாவுக்குப் போவது போதாது. நிலம் தேர்வாகும்போதே கேளுங்கள்: இதற்காக யார் வீடு போகிறது? வேலை முடிந்து இரவில் திரும்பும் பெண் அங்கே அச்சமின்றி உட்கார விளக்கு உண்டா? பிள்ளைகள் பந்து விளையாடலாமா, புல்லை மிதிக்காதே என்று பலகை நிற்குமா? 1924-இல் சட்டமன்றத்துக்குள் போய்க் கேட்டார்கள். இன்று திட்ட அலுவலகத்துக்குள் போய்க் கேட்க வேண்டியவர்கள் நீங்கள்.