கத்தரிக்கோல் சொன்ன கதை

1918-ஆம் ஆண்டில் பால் வேகனர் என்னும் பிரபல ஜெர்மானிய நடிகர், ஹாமெலின் நகரத்து எலிகளைக் குழலூதி மயக்கிக் கூட்டிப் போனவனுடைய பழங்கதையைப் படமாக எடுக்கப் புகுந்தபோது, எலிகளே அவருக்குப் பெரிய விக்கினமாக வந்து வாய்த்தன. உயிருள்ள எலிகள் சொன்னபடி கேட்கவில்லை. கினிப்பன்றிகளுக்குப் பொய்வால் கட்டி ஓடவிட்டதும் பலிக்கவில்லை. கடைசியில் மரத்தால் எலிகளைச் செய்து, சிறிது சிறிதாக நகர்த்தி, நகர்த்திய ஒவ்வொரு தடவையும் ஒரு படம் பிடித்தார்கள். அந்தப் பொறுமைப் பணியில் கைகொடுத்தவர்களுள், அதே படத்தின் தலைப்பு அட்டைகளுக்குக் கறுப்புக் காகிதத்தில் நிழலுருவங்கள் வெட்டிக் கொடுத்துவந்த பத்தொன்பது வயதுப் பெண்மணி லோட்டே ரைனிகரும் ஒருவர்.

நிழலுருவம் வெட்டுவது ஐரோப்பாவில் நெடுநாள் வழங்கிவந்த கலை. போட்டோ வருமுன், ஓவியனுக்குக் கூலி கொடுக்க வசதியற்றவர்கள் தங்கள் பக்கவாட்டு முகத்தைக் கறுப்புக் காகிதத்தில் வெட்டுவித்து வீட்டில் மாட்டிக்கொண்டார்கள். போட்டோ வந்தபின் பொழுதுபோக்காகத் தேய்ந்துபோயிருந்த அந்த வித்தையை, ரைனிகர் 1922-ல் சிண்டரெல்லாவின் கதையைச் சொல்லும் குறும்படமாக உயிர்ப்பித்தார். படத்தின் தொடக்கத்திலேயே ஒரு கத்தரிக்கோலும் அதைப் பிடித்த கையும் நம் கண்முன் கதாநாயகியை வெட்டி எடுக்கின்றன. செப்பிடு வித்தைக்காரன் ஒளிப்பதை இவர் முதலில் காட்டிவிடுகிறார். அப்படியும் மயக்கம் குறையவில்லை என்பதுதான் விசேஷம்.

வேலை நடந்த விதத்தையும் சற்றுப் பார்க்கலாம். தலை, கழுத்து, கை, கால் என்று கறுப்பு அட்டையிலும் மெல்லிய ஈயத் தகட்டிலும் உறுப்புகளைத் தனித்தனியே வெட்டி, மூட்டுக்கு மூட்டு நுண்ணிய கம்பியால் பிணைப்பார். கீழிருந்து விளக்கொளி பாயும் கண்ணாடி மேசையின்மேல் உருவத்தைக் கிடத்தி, மேலிருந்து நோக்கும் காமிராவுக்கு ஒரு படம்; பிறகு முழங்கையை மயிரிழை நகர்த்தி மற்றொரு படம். பின்னணியில் தெரியும் தூரத்து மலையும் மூடுபனியும் மெல்லிய காகிதத்தை அடுக்கடுக்காக வைத்து உண்டாக்கியவையே. விநாடிக்கு 24 படம் என்ற பிற்காலத்துப் பேசும்பட வேகத்தில், பத்து நிமிஷக் கதைக்கு 14,400 படங்கள் வேண்டும். இந்தப் பிரயாசையில் அவருக்கு நெடுங்காலம் துணை நின்றவர் கணவர் கார்ல் கோக்.

சிண்டரெல்லா கதைக்கு இரண்டு புகழ்பெற்ற வடிவங்கள் உண்டு. 1697-ல் பிரெஞ்சு ஆசிரியர் பெரோ எழுதியதில் தேவதையும் பூசணிக்காய் ரதமும் கண்ணாடிச் செருப்பும் வருகின்றன. 1812-ல் கிரிம் சகோதரர்கள் வெளியிட்டதிலோ தாயின் சமாதிமேல் வளர்ந்த மரமும் புறாக்களும், செருப்புக்குள் நுழைப்பதற்காகக் காலையே அறுத்துக்கொள்ளும் மாற்றாந்தாயின் மகள்களும். ரைனிகர் இந்த ரத்தத்துக்கு அஞ்சவில்லை. கறுப்பு நிழல் தன் காலைக் கத்தியால் நறுக்குவதைக் குழந்தையும் பார்க்கலாம். முகத்தில் வேதனையை எழுதிக் காட்டியிருந்தால் பெரியவர்களுக்கே சகிக்காது. நல்லவள், கெட்டவள், அரசகுமாரன் என்று வகையாக மட்டும் மனிதர்களை அறியும் பழங்கதைக்கு, கண்ணும் மூக்கும் தீட்டாத நிழலைவிடப் பொருத்தமான நடிகர் கிடையாது என்பது என் அபிப்பிராயம். விசித்திரமாக, அதே 1922-ல் அமெரிக்காவின் கான்ஸஸ் நகரத்தில் வால்ட் டிஸ்னி என்ற இளைஞரும் சிண்டரெல்லாவைக் கேலிச்சித்திரக் குறும்படமாக வரைந்தார். 1950-ல் அவர் முழுநீளப் படமாக்கியபோது தேர்ந்துகொண்டது பெரோவின் பூசணிக்காயைத்தான்.

ஜெர்மன் நாணயமான மார்க்கின் மதிப்பு வீழ்ந்துகொண்டிருந்த நாட்களில் லூயி ஹாகன் என்ற பாங்கர் வாங்கிக் குவித்திருந்த படச்சுருளும், போட்ஸ்டாமில் அவர் கொடுத்த இடமும் கிடைத்ததால், ரைனிகர் மூன்றாண்டு உழைத்து 1926-ல் 'இளவரசன் அஹ்மத்' என்ற நீண்ட படத்தை முடித்தார். ஹிட்லர் ஆட்சியும் யுத்தமும் அலைக்கழித்தபின் லண்டனில் குடியேறி, அந்த ஹாகனுடைய மகன் தொடங்கிய பிரிம்ரோஸ் கம்பெனிக்காக, 1953 முதல் 1955 வரை தேவதைக் கதைகளை வரிசையாகக் குறும்படமாக்கினார். அவற்றுள் வீரத் தையற்காரன் கதை 1955-ல் வெனிஸில் பரிசு பெற்றது. சிண்டரெல்லாவும் 1954-ல் மறுபடி பிறந்தாள். கைத்திறமை இந்த வரிசையில் இன்னும் முதிர்ந்திருக்கிறது. ஆனால் டெலிவிஷனுக்காகச் சேர்த்த விவரணைக் குரல், நிழலின் விரலசைவு சொல்லிமுடித்ததை ஒருமுறை திருப்பிச் சொல்லிக்கொண்டே வருவதால், இரண்டு சிண்டரெல்லாக்களில் எதைப் பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு நான் 1922-ஆம் ஆண்டு ஊமைப் படத்தையே சொல்வேன்.