சில எழுத்து, பல சொல்: எழுத்தாட்டத்தின் தமிழ் வரலாறு



மலாக்கா நகரிலிருந்து மூவாரை நோக்கிச் செல்லும் கடற்கரைச் சாலையில், ஜாசின் மாவட்டத்தில் அமைந்துள்ளது செர்காம். சுட்ட மீனுக்காக வெளியூரார் நாடிவரும் இவ்வட்டாரத்தின் தோட்டங்களிலும் மெர்லிமாவ் முதலிய சிற்றூர்களிலும் தமிழ் தலைமுறை தலைமுறையாகப் பேசப்பட்டு வருகிறது. இங்குள்ள பிள்ளைகள் ஆங்கில பாடவேளையில் விரும்பிச் செய்யும் பயிற்சி ஒன்று உண்டு. ஆசிரியர் சில எழுத்துகளைத் தருவார்; அவற்றை மாற்றி அடுக்கிக் குறுஞ்சொற்களைக் காணவேண்டும். டி, இ, ஏ என மூன்று எழுத்துகளைத் தந்தால், தேநீரைக் குறிக்கும் 'டீ', உண் எனப் பொருள்படும் 'ஈட்', உண்டான் எனப் பொருள்படும் 'ஏட்' என மூன்று சொற்கள் உடனே கிடைத்துவிடும்.

இத்தகைய ஆட்டம் தமிழுக்கு உண்டா என்று நாம் வினவினால், பலர் இல்லையென்றே விடை கூறுவர். அவ்விடை சரியன்று என்பதையும், நம்மிடம் இருந்த ஒன்று நம் பிள்ளைகளின் கைக்கு ஏன் வந்து சேரவில்லை என்பதையும் இவ்வுரையில் ஆராய்வோம்.

1. ஆங்கில ஆட்டத்தின் பிறப்பு

சொற்களைக் கட்டங்களில் அடைக்கும் குறுக்கெழுத்துப் புதிர், ஆர்தர் வின் என்பவரால் ஆக்கப்பெற்று, 1913 டிசம்பர் 21ஆம் நாள் 'நியூயார்க் வேர்ல்டு' நாளிதழில் முதன்முதலாக வெளிவந்தது. அதன்பின், பொருளாதார மந்த காலத்தில் வேலையிழந்த ஆல்பிரட் பட்ஸ் என்னும் அமெரிக்கக் கட்டடக்கலைஞர், எழுத்துகளைக் கொண்டே ஓர் ஆட்டத்தை வகுக்க முற்பட்டார். எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்பதை நாளிதழ்ப் பக்கங்களில் எண்ணிக் கணக்கிட்டார். அதனால்தான் நூறு வில்லைகள் கொண்ட அவ்வாட்டத்தில் 'இ' என்னும் எழுத்துக்குப் பன்னிரண்டு வில்லைகள் அமைந்தன. 1948இல் ஜேம்ஸ் புரூனோ என்பவர் அதற்கு 'ஸ்கிராபிள்' எனப் பெயரிட்டு விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

இவ்வாட்டத்தில் வல்லவராவோர் முதலில் மனப்பாடம் செய்வது ஈரெழுத்துச் சொற்களின் பட்டியலையே. நூற்றுக்கும் மேற்பட்ட அச்சொற்களுள் பல, ஆங்கிலேயரே பேச்சில் வழங்காதவை. நம் நாட்டில் வாழ்ந்துவரும் நியூசிலாந்துக்காரரான நைஜல் ரிச்சர்ட்ஸ், பிரெஞ்சு மொழி பேசத் தெரியாமலேயே 2015இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார். சொல்லைக் காண்பது வேறு, மொழியை அறிவது வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. இவ்வேறுபாட்டை நினைவிற்கொண்டு தமிழின் பக்கம் திரும்புவோம்.

2. இலக்கணத்தில் இருந்த ஆட்டம்

மொழியை ஓரெழுத்தொருமொழி, ஈரெழுத்தொருமொழி, தொடர்மொழி என எழுத்தெண்ணிப் பகுத்தவர் தொல்காப்பியர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், ஓரெழுத்தாலாகிய சொற்களை 42 எனத் தொகுத்தார். உயிரெழுத்துகளுள் 6, மகர வரிசையில் 6, தகரம், பகரம், நகரம் ஆகியவற்றில் ஐவைந்து, ககரம், சகரம், வகரம் ஆகியவற்றில் நந்நான்கு, யகரத்தில் 1, இந்நாற்பதோடு 'நொ', 'து' என்னும் குறில்கள் இரண்டு. இவற்றுள் தீ, பூ, கை, பை, மை, நீ, வா, போ முதலியன இன்றும் செர்காம் வீடுகளில் நாள்தோறும் ஒலிப்பவை. உண் எனப் பொருள்படும் 'து', கவர் எனப் பொருள்படும் 'வௌ' போன்றவை நூலளவில் நிற்பவை.

பவணந்தியார் ஆட்டத்திற்காக இப்பட்டியலைத் தரவில்லை. அவர் வகுத்தது இலக்கணம். எனினும் எழுத்தை ஆட்டமாகவே ஆண்ட மரபும் நம்மிடம் இருந்தது. தண்டியலங்காரம் கூறும் சித்திரகவி வகைகளுள் எழுத்து வருத்தனம், அக்கரச்சுதகம் என இரண்டு உள்ளன. ஒரு சொல்லில் எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டி வேறுவேறு சொல் காண்பது வருத்தனம். ஒவ்வொன்றாகக் குறைத்துக் காண்பது சுதகம். 'மாநகரம்' என்பதில் முதலெழுத்தை நீக்கினால் 'நகரம்'. மீண்டும் நீக்கினால் கையைக் குறிக்கும் 'கரம்'. இதுவே சுதகம். 'கரம்' தொடங்கி மேலேறினால் வருத்தனம். தந்த எழுத்துகளுக்குள்ளே குறுஞ்சொல் தேடும் கலை இதுவன்றி வேறென்ன? அதற்கும் முன்னரே, ஏழாம் நூற்றாண்டில், முன்னிருந்து படிப்பினும் பின்னிருந்து படிப்பினும் ஒன்றாகவே அமையும் திருமாலைமாற்றுப் பதிகத்தைத் திருஞானசம்பந்தர் பாடியிருந்தார்.

3. தோட்டத்திற்கு வராத கலை

1896இல் டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் இரப்பர் பயிரிட்டார். பின்னர் ஜாசின் பகுதியிலுள்ள புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் எழுந்தது. அதனைத் தொடர்ந்து பெருகிய தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து வந்தோர் தாலாட்டையும் விடுகதையையும் உடன் கொண்டுவந்தனர். புலவர் அவைகளில் பயின்ற சித்திரகவி அவர்களோடு கப்பலேறவில்லை. மலாயாவின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்த தோட்டங்களில் பள்ளி நடத்த வழிசெய்தது. ஆயினும் அப்பள்ளிகளின் நோக்கம் பெரும்பாலும் எழுத்தறிவோடும் எளிய கணக்கோடும் நின்றது.

ஆங்கில எழுத்தோ வேறு வழியில் அறிமுகமாயிற்று. விடியற்காலைப் பெரட்டில் கிராணியார் கையிலிருந்த செக்ரோலில் தொழிலாளியின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. அவருடைய கூலியும் அதிலேயே இருந்தது. அவ்வெழுத்துகளைக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளை லயத்தை விட்டு வெளியேறலாம் என்னும் நம்பிக்கை அங்கிருந்து வளர்ந்தது. ஆங்கிலச் சொல்லாட்டத்தில் பெற்றோர் பெருமிதம் காண்பதற்கு இவ்வரலாறே வேர்.

4. எது ஓர் எழுத்து?

தமிழில் எழுத்தாட்டம் புதிதாக எழுந்தது அச்சிதழ்களின் வழியே. 1930களில் ஆனந்த விகடன் நடத்திய குறுக்கெழுத்துப் போட்டி பெரும் புகழ் பெற்றது. அக்குறுக்கெழுத்து ஒரு வழக்கத்தையும் நிலைநாட்டியது: உயிர்மெய்யாயினும் மெய்யாயினும் கட்டத்திற்கு ஓரெழுத்து. எழுதிப் படிக்க அது எளிது. ஆனால் எழுத்துகளை மாற்றி அடுக்கும் ஆட்டத்திற்கு அது தடையாகிறது.

நம் தோட்டங்களின் சொல்லான 'பால்மரம்' என்பதையே எடுத்துக்கொள்வோம். பா, ல், ம, ர, ம் என ஐந்தாகக் கொண்டால் பா, பால், மரம், பாரம் எனச் சில சொற்களே தேறும். உயிரையும் மெய்யையும் பிரித்து எட்டாகக் கொண்டாலோ ஆல், ஆரம், அரம், அமர், அலர், பலர், பலம், பாலம், பார், மால், மலர் எனச் சொற்கள் பெருகும். உயிர்மெய் என்பது மெய்யும் உயிரும் கூடிய கூட்டே என இலக்கணம் கூறுவதால், இவ்வாறு பிரிப்பது மரபுக்கு மாறாகாது. மேலும், 247 எழுத்துகளுக்கு வில்லை செய்தல் அரிது. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் என 31 வகை எளிது.

இன்னொரு சிறப்பையும் இங்கே சுட்டவேண்டும். க, ட, ல் என்னும் மூன்றெழுத்துகளை ஆறு விதமாக அடுக்கலாம். டகரம் மொழிக்கு முதலாகாது. எனவே இரண்டு நீங்கும். மெய்யெழுத்தும் முதலாகாது, மேலும் இரண்டு நீங்கும். எஞ்சியவற்றுள் 'கல்ட' என்பதில் லகரமெய்யை அடுத்து டகரம் மயங்காது, அதுவும் நீங்கும். நிற்பது 'கடல்' ஒன்றே. முதலில் கண்ட டி, இ, ஏ என்னும் எழுத்துகளில் எவ்வடுக்கு சொல்லாகும் என்பதை ஆங்கிலப் பிள்ளை அகராதியைப் பார்த்தே உறுதி செய்யவேண்டும். தமிழ்ப் பிள்ளைக்கோ மொழிமுதல், மொழியிறுதி, மெய்ம்மயக்கம் என்னும் விதிகள் வாயிற்காவலராய் நின்று உதவுகின்றன. இவ்விதிகளைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறக்கும் பிள்ளை, ஆடிப் பழகினால் மறக்குமோ?

5. நாம் தீர்க்கவேண்டியது

ஒரு சிக்கல் எஞ்சுகிறது. 'ரப்பர்', 'லயம்', 'டத்தோ' ஆகியவை நம் வாழ்வோடு ஒன்றிய சொற்கள். மொழிமுதல் விதியோ இவற்றை ஏற்பதில்லை. 'இரப்பர்' என இகரம் சேர்த்துப் பாடநூலில் எழுதுகிறோம். பேச்சில் அவ்வாறு சொல்வாரில்லை. பலகையில் எதனை ஏற்பது? தூய சொல்லை மட்டும் ஏற்றால், பாட்டன் பாட்டியின் நூற்றாண்டு உழைப்பைக் குறித்த சொற்கள் ஆட்டத்திற்கு வெளியே நிற்கும். அனைத்தையும் ஏற்றால், விதி கற்பிக்கும் பயன் குன்றும். விதிக்குட்பட்ட சொல்லுக்கு முழு மதிப்பெண், வழக்கில் வேரூன்றிய கடன்சொல்லுக்குக் குறைந்த மதிப்பெண் என வகுக்கலாம் என்பது நம் கருத்து. மொழியறிஞர்களும் ஆசிரியர்களும் கூடி ஒரு சொற்பட்டியலை உறுதி செய்தாலன்றி இது நிறைவேறாது.

மலாய்மொழிக்குச் 'சாகிபா' என்னும் சொற்பலகை ஆட்டம் நம் நாட்டுப் பள்ளிகளில் வழங்குகிறது. ஆங்கிலத்திற்கு ஸ்கிராபிள் உள்ளது. இரண்டிலும் நம் பிள்ளைகள் ஆடி வெல்லட்டும். அது நமக்குப் பெருமையே. ஆயினும் மூன்று மொழி கற்கும் பிள்ளைக்கு இரண்டு மொழிகள் ஆட்டமாகவும் தாய்மொழி ஒன்று மட்டும் தேர்வாகவும் தோன்றினால், எதன்மீது அன்பு வளரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. வருத்தனமும் சுதகமும் ஏட்டில் எண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருக்கின்றன. முப்பத்தொரு வகை அட்டைத் துண்டுகளை வெட்டி ஒரு மேசையில் பரப்பினால், அவை செர்காம் பிள்ளைகளின் விரல்களுக்கு வந்துவிடும். அப்பணியை இவ்வவையிலுள்ள ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் ஒப்படைத்து அமைகிறோம்.