வனாந்தரமும் தலைமைப் பண்பும்: ஆளில்லாக் காடு என்ற கற்பனைக்கு அப்பால்

இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானிய நீர்மூழ்கிகள் அட்லாண்டிக் கடலில் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களை அடுத்தடுத்து மூழ்கடித்துக்கொண்டிருந்தன. உயிர்காப்புப் படகில் ஏறித் தப்பியவர்களில் உடல் வலு மிகுந்த இளைஞர்கள் நம்பிக்கை இழந்து மடிகிறார்கள், நரை கண்ட மாலுமிகளோ பிழைத்துக் கரை சேருகிறார்கள் என்ற எண்ணம் கப்பல் நிறுவன உரிமையாளர் லாரன்ஸ் ஹோல்ட்டை உலுக்கியது. நாஜிகளால் சிறை வைக்கப்பட்டு, 1933இல் பிரிட்டனுக்கு வந்து சேர்ந்த கல்வியாளர் குர்ட் ஹானுடன் அவர் கைகோத்தார். 1941இல் வேல்ஸ் கடற்கரையில் உள்ள அபர்டோவியில் ‘அவுட்வர்ட் பவுண்ட்’ பள்ளி பிறந்தது. படகோட்டம், மலையேற்றம், மீட்புப் பணி ஆகியவையே அங்கே பாடங்கள்.

அபர்டோவி ஆள் அரவமற்ற கானகம் அல்ல. குடும்பங்கள் வாழ்ந்த, படகுகள் வந்துபோன சிறு துறைமுக ஊர். இன்று உலகெங்கும் பரவியிருக்கும் வெளிப்புறக் கல்வி இப்படி மனிதர்களுக்கு நடுவில்தான் தொடங்கியது. மனிதக் காலடி படாத இயற்கையே தலைவர்களை உருவாக்கும் என்ற கருத்து பிற்பாடு, பெரும்பாலும் அமெரிக்க மண்ணில், அதனோடு வந்து சேர்ந்தது. அந்தச் சேர்க்கையை இக்கட்டுரை கேள்விக்கு உள்ளாக்குகிறது. வனாந்தரத்தில் தலைமைப் பண்பைக் கற்க முடியும் என்பதில் ஐயமில்லை. ஒருவர் எடுக்கும் முடிவின் பலனை அவரும் உடன் வந்தவர்களும் அன்றைக்கே அனுபவிக்க நேர்வதுதான் அந்தக் கல்வியின் உயிர். அந்தப் பலனைச் சுமப்பவர்களில் அந்த மண்ணின் மக்களும் இருக்கிறார்கள். அவர்களைக் கணக்கில் எடுக்காத பயிற்சி தலைமையின் பாதியை மட்டுமே கற்றுத்தருகிறது.

அமெரிக்கக் கதையின் நாயகர் பால் பெட்சோல்ட். 1924இல், பதினாறு வயதில், கௌபாய் பூட்ஸ் காலோடு வயோமிங் மாநிலத்தின் கிராண்ட் டீட்டன் சிகரத்தில் ஏறியவர். 1938இல் கே2 சிகரத்தை நோக்கிச் சென்ற அமெரிக்கக் குழுவிலும் இருந்தார். 1960களின் தொடக்கத்தில் கொலராடோ அவுட்வர்ட் பவுண்டில் பணியாற்றியபோது அவருக்கு ஒரு குறை உறுத்தியது. மாணவர்கள் வரிசையில் நிற்கிறார்கள், அவர்களைப் பத்திரமாக மலைக்கு அழைத்துப்போய்க் கற்பிக்கத் தகுதியான பயிற்றுநர்களோ போதிய அளவில் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க 1965இல் வயோமிங்கின் லேண்டர் நகரில் தேசிய வெளிப்புறத் தலைமைப் பள்ளியைத் தொடங்கினார். ‘நோல்ஸ்’ என்ற சுருக்கப் பெயரில் அது இன்றும் இயங்குகிறது. வீரத்தை விட விவேகத்தையே பெட்சோல்ட் பெரிதாக மதித்தார். பயணக் குழுவில் ஒருவர் மற்றவரிடம் எப்படி நடந்துகொள்கிறார் என்பதையும் கயிறு கட்டுவதைப் போலவே கற்றுப் பழக வேண்டிய திறனாகக் கருதினார்.

இந்தப் பள்ளியின் முறையில் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ‘அன்றைய தலைவர்’ என்ற ஏற்பாடு. மாணவர்கள் சிறு குழுக்களாக நடப்பார்கள். ஒவ்வொரு நாளும் ஒருவர் பொறுப்பேற்பார், மறுநாள் அவரே சாதாரண உறுப்பினராகப் பின்னால் வருவார். கோடையில் பனி உருகி ஓடும் மலை ஓடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரவுக் குளிரில் உருகல் குறைவதால் காலையில் தண்ணீர் முழங்கால் அளவில் இருக்கும். வெயில் ஏற ஏற அதே ஓடை பிற்பகலில் இடுப்பளவுக்குப் பெருகலாம். அன்றைய தலைவர் காலையில் கூடாரத்தைச் சுருட்டத் தாமதித்தால், ஸ்டவ் பற்றவில்லை என்று ஒரு மணி நேரத்தை விட்டுவிட்டால், அதன் விலையை மாலையில் குழு முழுவதும் குளிர்ந்த நீரில் நின்று கொடுக்க வேண்டியிருக்கும். அல்லது ஓடையைக் கடக்காமல் இக்கரையிலேயே தங்க வேண்டியிருக்கும். ஒருவரின் குதிகாலில் கொப்புளம் எழுந்திருக்கும். “நடக்க முடியுமா?” என்று கேட்டால், எல்லோர் முன்னிலும் “முடியும்” என்றுதான் பதில் வரும். உட்காரவைத்து, காலுறையைக் கழற்றச் சொல்லிப் பார்க்கிறவரே தலைவர். இருட்டுவதற்குள் குழு கூடி அன்றைய முடிவுகளை அலசும். யாரும் மதிப்பெண் போடத் தேவையில்லை. ஓடை ஏற்கெனவே போட்டிருக்கும்.

பயணத்தின் கடைசிக் கட்டத்தில், தயாராகிவிட்ட குழுக்களைப் பயிற்றுநர்கள் உடன் வராமல் தனியே அனுப்புவதும் உண்டு. ஆசிரியர் அதிகாரத்தைக் கைவிடுவதே பாடமாகும் இடம் கல்வி உலகில் அரிது.

நோல்ஸ் தலைமையை நான்கு வகையாகப் பிரிக்கிறது. பொறுப்பு ஒப்படைக்கப்பட்ட தலைமை, சமமானவர்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் தலைமை, தன்னைத் தானே நடத்திக்கொள்வது, முனைப்போடு பின்பற்றுவது. நான்காவது வகைதான் நம் கவனத்துக்கு உரியது. தலைவர் என்றதும் மேடையும் மாலையும் கண்ணுக்குத் தெரியும் ஒரு சமூகத்தில், நல்ல உறுப்பினராக இருப்பதும் தலைமையின் ஒரு கூறே என்று ஒரு பாடத்திட்டம் சொல்வது சிறிய செய்தியல்ல. கேள்வி கேட்பது, தவறைக் கண்டால் வாய் திறப்பது, முடிவாகிவிட்டால் முழு மனதோடு ஒத்துழைப்பது எல்லாம் அதில் அடங்கும்.

மலையில் கற்றது ஊருக்கு வந்ததும் ஒட்டிக்கொண்டிருக்குமா? ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஆண்ட்ரூ புரூக்ஸ் 2003இல் இந்தக் கேள்வியைக் கடுமையாக எழுப்பினார். மனிதர்களின் நடத்தை சூழலைப் பொறுத்து மாறுகிறது என்று சமூக உளவியல் சொல்லும்போது, சில வார வனப்பயணம் ஒருவரின் குணத்தையே வார்த்துவிடும் என்ற ஹான் மரபின் நம்பிக்கைக்கு அடித்தளம் இல்லை என்பது அவர் வாதம். அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த வாதமே ஒரு வழியையும் காட்டுகிறது. நடத்தை சூழலைச் சார்ந்தது என்றால், எந்தச் சூழலை ‘வனாந்தரம்’ என்று மாணவருக்கு அறிமுகம் செய்கிறோம் என்பதும் கல்வியின் உள்ளடக்கமே ஆகிறது.

அமெரிக்க வனாந்தரச் சட்டம் 1964 செப்டம்பர் 3 அன்று குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் கையெழுத்தில் நிறைவேறியது. அன்றே 91 லட்சம் ஏக்கர் நிலம் பாதுகாப்புக்குள் வந்தது. சட்டத்தை வரைந்த ஹோவர்ட் ஜானிசர், கையெழுத்தாவதற்கு நான்கு மாதம் முன்பே இறந்துபோனார். அணைகளையும் சாலைகளையும் தடுத்து நிறுத்திய மகத்தான சட்டம் அது. ஆனால் அதன் வரையறைப்படி, வனாந்தரத்தில் மனிதர் வந்துபோகும் விருந்தினர் மட்டுமே, தங்கி வாழ்பவர் அல்லர். நோல்ஸ் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் விண்ட் ரிவர் மலைத்தொடரில், 10,000 அடிக்கு மேல், தொல்லியலாளர்கள் 2006இல் ஒரு பழங்குடிக் கிராமத்தைக் கண்டுபிடித்தார்கள். சரிவைச் சமன்படுத்தி அமைத்த ஐம்பதுக்கும் மேற்பட்ட குடில் தளங்களும், அரைக்கும் கற்களும் கிடைத்தன. ஷோஷோனி மக்களின் முன்னோர் அங்கே குடும்பத்தோடு கோடைகளைக் கழித்திருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ‘விருந்தினர்’ என்ற வரையறை யாரை வீட்டுக்காரர் நிலையிலிருந்து நீக்கியது என்பதற்கு அந்தத் தளங்களே சாட்சி. வரலாற்றாசிரியர்களான ராமச்சந்திர குஹா 1989இலும், வில்லியம் கிரோனன் 1995இலும் ஆளில்லா வனாந்தரம் என்ற இந்தக் கருத்தாக்கத்தை விரிவாக விமர்சித்திருக்கிறார்கள். வெளிப்புறக் கல்வியின் பாடத்திட்டங்கள் அந்த விமர்சனத்தை இன்னும் முழுதாக உள்வாங்கவில்லை என்பதே இங்கு வைக்கப்படும் குறை.

இமயமலையில் நந்தா தேவி சிகரத்தைச் சுற்றி நடந்தவை இதற்குத் தெளிவான சான்று.

1974 மார்ச் 26. நந்தா தேவியின் நுழைவாயிலில் இருக்கும் ரேணி கிராமத்தில், இழப்பீடு தருவதாகச் சொல்லி ஆண்களை வெளியூருக்கு வரவழைத்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஒப்பந்தக்காரரின் ஆட்கள் மரம் வெட்ட வந்தார்கள். செய்தி அறிந்த கௌரா தேவி ஏறத்தாழ 27 பெண்களையும் சிறுமிகளையும் திரட்டிக்கொண்டு காட்டுக்குள் போய் வழிமறித்தார். காடு எங்கள் தாய்வீடு என்பது அவருடைய வாதம். மிரட்டலுக்கும் அவர்கள் அசையவில்லை. இரவு முழுவதும் காவல் இருந்தார்கள், மரங்கள் தப்பின. மரங்களைக் காக்க எழுந்த சிப்கோ இயக்கத்தின் திருப்புமுனை அது. கௌரா தேவி எந்தப் பயிற்சி முகாமுக்கும் போனவர் அல்லர். ஆனால் நிலைமையை உடனடியாக எடைபோட்டது, பயந்தவர்களையும் சேர்த்து அழைத்துப் போனது, கை ஓங்காமல் நின்றது என்று பாடத்திட்டங்கள் விரும்பும் தலைமைக் கூறுகள் அத்தனையும் அந்த ஒரே நாளில் தெரிகின்றன.

இரண்டே ஆண்டுகள் கழித்து, 1976இல், பக்கத்துக் கிராமமான லாத்தா வழியாக ஓர் இந்திய-அமெரிக்கக் குழு அதே மலைக்குச் சென்றது. அதை வழிநடத்தியவர்களில் ஒருவர் வில்லி அன்சோல்ட். 1963இல் எவரெஸ்டின் மேற்கு முகட்டில் ஏறிச் சாதித்தவர், அவுட்வர்ட் பவுண்டில் பணியாற்றியவர், வெளிப்புறக் கல்வியின் தத்துவவாதி என்று போற்றப்பட்டவர். இளமையில் கண்ட சிகரத்தின் பெயரையே மகளுக்குச் சூட்டியிருந்தார். மகளும் உடன் வந்தார். உயர் முகாமில் நோய்வாய்ப்பட்ட நந்தா தேவி அன்சோல்ட், தந்தையின் கண்ணெதிரே உயிர்விட்டார். 1979இல் ரெய்னியர் மலையில் மாணவர்களை அழைத்துச் சென்றபோது அன்சோல்டும் ஒரு மாணவியும் பனிச்சரிவில் இறந்தார்கள். அவருடைய நேர்மையையும் அன்பையும் யாரும் சந்தேகிக்க முடியாது. இருந்தும், அபாயம் ஆளுமையை வளர்க்கும் என்ற நம்பிக்கை எவ்வளவு பெரிய விலை கேட்கக்கூடும் என்பதை வெளிப்புறக் கல்வி அவருடைய வாழ்க்கையிலிருந்து கற்றாக வேண்டும்.

நந்தா தேவி 1982இல் தேசியப் பூங்காவானது. மலையேற்றம் நிறுத்தப்பட்டது. லாத்தா, ரேணி மக்களின் மேய்ச்சல் உரிமையும், சுமை தூக்கிப் பெற்ற கூலியும் அதோடு போயின. மரங்களைக் காத்தவர்களே காட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். காட்டுக்குத் தலைமை தாங்கியவர்களை நிர்வாகம் வெறும் இடையூறாகப் பார்த்தது. 2001இல் லாத்தா மக்கள் கூடி, பாதுகாப்பும் சுற்றுலாவும் உள்ளூர்ச் சமூகத்தின் பொறுப்பில் நடக்க வேண்டும் என்று பிரகடனம் வெளியிட்டார்கள்.

வேறு வழி இல்லாமல் இல்லை. மொன்டானா மாநிலத்தின் சாலிஷ், கூட்டனை பழங்குடியினர் 1982இல் தங்கள் மிஷன் மலைகளைத் தாங்களே வனாந்தரமாக அறிவித்தார்கள். அதற்குள் சுமார் 10,000 ஏக்கர் நிலத்தைக் கோடையின் நடுவிலிருந்து இலையுதிர் காலம் வரை எவரும் நுழையாதபடி மூடிவைக்கிறார்கள். கிரிஸ்லி கரடிகள் அப்போது உயரமான பாறைச் சரிவுகளில் பூச்சிகளைத் தின்ன வருகின்றன. அந்த நிலம் அவர்களுடையது, முடிவும் அவர்களுடையது. கரடிக்காகத் தாங்களே விலகி நிற்கிறார்கள். சிகரம் தொடுவதைப் போலவே, போகாமல் இருக்க முடிவெடுப்பதும் தலைமைதான் என்று கற்பிக்க இதைவிட நல்ல வகுப்பறை கிடைக்காது.

தமிழ்நாட்டுக்கும் இதில் நேரடி அக்கறை உண்டு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மார்ச் மாதத்தில் மலைப்புல் எப்படிக் காய்ந்து கிடக்கும், தீ ஏன் சரிவில் மேல்நோக்கி வேகமாக ஓடும், காற்று எந்த நேரத்தில் திரும்பும் என்பவை அந்த மலையில் வாழ்பவர்களுக்கு அன்றாட அறிவு. 2024 அக்டோபரில் மாநில அரசு 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்து, காட்டையொட்டி வாழும் இளைஞர்களையும் பழங்குடியினரையும் வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்துப் பணியில் அமர்த்தியது. நல்ல தொடக்கம். பள்ளிகளும் கல்லூரிகளும் மாணவர்களை இந்தப் பாதைகளுக்கு ‘தலைமைப் பயிற்சி’ என்று அழைத்துச் செல்லும்போது, அந்த இளைஞர்களை முன்னே நடந்து வழி காட்டுபவர்களாக மட்டும் வைத்துக்கொள்ளக் கூடாது. பாடத்திட்டத்தை வகுக்கும் மேசையில் அவர்களுக்கு இடம் தர வேண்டும். ஆசிரியருக்கு உரிய மதிப்பையும் ஊதியத்தையும் தர வேண்டும். இன்று திரும்பிவிடுவோம் என்று அவர்கள் சொன்னால், அந்தச் சொல்லே இறுதி முடிவாக இருக்க வேண்டும்.