ஊராட்சிக்குப் போன ஒளியிழை: மேலாண்மை மென்பொருள் எதைப் பார்த்தது?

2011 அக்டோபரில் தேசிய ஒளியிழை வலையமைப்புக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தபோது, ஏறத்தாழ 2.5 லட்சம் ஊராட்சிகளுக்கு பிராட்பேண்ட் கொண்டுபோவது இலக்கு. அதை நடத்த 2012-இல் பாரத் பிராட்பேண்ட் நெட்வொர்க் என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. பின்னாளில் பாரத்நெட் என்று பெயர் மாறிய இந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எத்தனை கிலோமீட்டர் கேபிள், எத்தனை ஊராட்சிகள் என்றே கணக்குச் சொல்கிறார்கள். இழுத்த கேபிள் உயிரோடு இருக்கிறதா என்று சொல்லவேண்டியது மேலாண்மை மென்பொருள். அதைத் தேர்ந்தெடுப்பதில் கருவிக்குக் கிடைத்த முதலிடம் கேபிள் போகும் பாதைக்கும் கிடைத்திருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

கருவி விஷயத்தில் எடுத்த முடிவு நல்ல முடிவு. ஒரே இழையின் ஒளியைப் பல இடங்களுக்குப் பிரித்துத் தரும் ஜிபான் முறையில் வட்டாரத் தொலைபேசி நிலையத்தில் ஓஎல்டி என்ற பெட்டியும் ஊராட்சி அலுவலகத்தில் ஓஎன்டி என்ற பெட்டியும் இருக்கும். முன்னது பின்னதை நிர்வகிக்கும் முறையைச் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் தரப்படுத்தியிருந்தும், ஒரு நிறுவனத்தின் பெட்டி இன்னொன்றின் பெட்டியோடு ஒத்துப்போகும் என்ற உறுதி அன்று இல்லை. பெட்டி வாங்கினால் அதன் மென்பொருளையும் சேர்த்து வாங்குவதே பல நாடுகளில் நடைமுறை. பிறகு விற்றவரைவிட்டு நகர முடியாது. இங்கோ 1984-இல் உருவான அரசு ஆய்வு மையமான சிடாட் வடிவமைத்த ஜிபானைப் பல உற்பத்தியாளர்கள் செய்தார்கள். மேலாண்மை அமைப்பையும் சிடாட்டே உருவாக்கியது. இறக்குமதிப் பெட்டி விரைவாகக் கிடைத்திருக்குமே என்று கேட்கலாம். கிடைத்திருக்கும்தான். ஆனால் ஊர்தோறும் பத்திருபது ஆண்டு ஓடவேண்டிய வலையமைப்பில் ஒரே விற்பனையாளரிடம் கட்டுண்டு கிடப்பது அந்த விரைவைவிடப் பெரிய செலவு.

சிக்கல் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே இருக்கிறது. அங்கே ஒளியைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரம் கிடையாது, முகவரி கிடையாது. தன் நிலையை அது யாருக்கும் சொல்லாது. ஊராட்சியில் மின்சாரம் போனால் ஓஎன்டி அணைவதற்குமுன் கடைசியாக ஒரு செய்தி அனுப்பும். அந்தச் செய்தி வராமல் ஒளி நின்றுபோனால் கேபிள் அறுந்திருக்கலாம் என்று ஊகிக்கலாம். எங்கே அறுந்தது? இழைக்குள் ஒளியைச் செலுத்தி அளக்கும் ஓடிடிஆர் கருவி சொல்வது அறுந்த இடம்வரையான இழையின் நீளத்தை. வழியில் சுருட்டி வைத்த உபரிக் கேபிளும் சாலையோரம் வளைந்துபோன பாதையும் வரைபடத்தில் இல்லையென்றால், அந்த நீளத்தை வைத்து எந்த மைல்கல்லருகே குழி தோண்டுவது என்று சொல்ல முடியாது. இந்தத் திட்டம் புதிய கேபிளோடு பிஎஸ்என்எல் முதலிய பொதுத்துறை நிறுவனங்களின் பழைய கேபிளையும் பயன்படுத்தியது. பழைய இழையின் பாதையைக் களத்தில் சரிபார்த்து மென்பொருளில் ஏற்றுவதற்குக் காலமும் பணமும் முதலிலேயே ஒதுக்கவேண்டியிருந்தது.

மென்பொருள் குழி தோண்டாது, சாலை விரிவாக்கத்தில் கேபிள் அறுபடுவதையும் அது தடுக்காது என்பார்கள் களப்பணியாளர்கள். அந்த மறுப்பில் பாதி உண்மை உண்டு. ஒரே வழியில் போகும் நேர்க்கோட்டுப் பாதை அறுந்தால் எந்த மென்பொருளாலும் மாற்றுவழி தர முடியாது. அதனால்தான் 2015-இல் திட்டத்தை ஆராய்ந்த குழு வளைய அமைப்பைப் பரிந்துரைத்தது. 2023-இல் 1,39,579 கோடி ரூபாயில் ஒப்புதல் பெற்ற திருத்திய திட்டமும் அதையே ஏற்றது. ஆனாலும் வளையத்தின் இரு கைகளும் ஒரே பள்ளத்தில், ஒரே பாலத்தின் மேல் போனால் ஒரே வெட்டில் இரண்டும் போய்விடும். முனைகளில் இருக்கும் பெட்டிகளால் அதைக் கண்டுசொல்ல முடியாது. பாதையின் பதிவில் மட்டுமே அது முன்கூட்டித் தெரியவரும்.