மூலநிரலும் புதுப்பித்தலும் – ஜென்டூ லினக்ஸின் வரலாறு

கணிப்பொறிக்கு வேண்டிய நிரல்களை இருவகையில் பெறலாம். பிறர் இயந்திரமொழிக்கு மாற்றி வைத்திருப்பதை அப்படியே பொருத்திக்கொள்வது ஒன்று. மூலநிரலைப் பெற்று நம் கணிப்பொறியிலேயே கம்பைல் செய்துகொள்வது மற்றொன்று. முன்னது கடையில் வாங்கும் ஆயத்தச் சட்டை. பின்னது துணி எடுத்து அளவு கொடுத்துத் தைத்தது. அளவுச் சட்டை நன்கு பொருந்தும். ஆனால் உடல் வளரும்போது அதைப் பிரித்துத் தைக்க வேண்டுமல்லவா? அந்த வேலை லினக்ஸில் எவ்வாறு ஒழுங்குபட்டது எனக் காண்போம்.

தோற்றம்

1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னலை வெளியிட்டார். அதன் மூலநிரல் எல்லார்க்கும் கிடைத்தது. ஆயினும் ஒரு நிரல் இயங்கப் பிற நிரல்கள் வேண்டும். அவற்றிற்கு வேறு சில வேண்டும். இச்சங்கிலியைக் கையால் கோப்பது பெரும்பாடு. ஃபிரீபிஎஸ்டி என்னும் இயக்க அமைப்பில் ஜோர்டன் ஹப்பர்ட் 1990-களில் தொடங்கிய ‘போர்ட்ஸ்’ முறை இதற்கு வழிகாட்டியது. ஒவ்வொரு நிரலின் மூலமும் எங்கே கிடைக்கும், எவ்வாறு கம்பைல் செய்வது என்னும் குறிப்புகளின் திரட்டு அது.

டேனியல் ராபின்ஸ் ‘ஈனாக்’ என்ற பெயரில் தொடங்கிய லினக்ஸ் பின்னர் ‘ஜென்டூ’ ஆயிற்று. விரைந்து நீந்தும் பென்குயின் இனமொன்றின் பெயர் அது. போர்ட்ஸ் முறையால் கவரப்பட்ட ராபின்ஸ், ‘போர்ட்டேஜ்’ என்னும் தொகுப்பு மேலாளரை உருவாக்கினார். 2002 மார்ச்சில் ஜென்டூ 1.0 வெளிவந்தது.

ஆணையும் துணைச்சொற்களும்

போர்ட்டேஜின் முதன்மை ஆணை ‘எமெர்ஜ்’. நாம் கேட்டுப் பொருத்திய நிரல்களின் பெயர்கள் ‘வேர்ல்ட்’ என்னும் பட்டியலில் இருக்கும். ‘சிங்க்’ என்ற துணைச்சொல் குறிப்புகளின் திரட்டைப் புதுப்பிக்கும். ‘அப்டேட்’ என்றால், பட்டியலில் உள்ளவையும் அவை நேரடியாகச் சார்ந்தவையும் மட்டுமே சோதிக்கப்படும். ‘டீப்’ என்பதையும் சேர்த்தால் சார்புச் சங்கிலி முழுவதும், அடிவேர் வரை சோதிக்கப்படும்.

ஒரு நிரலில் எந்த வசதி வேண்டும், எது வேண்டாம் என்று குறிப்பவை ‘யூஸ்’ கொடிகள். அவற்றை மாற்றிய பின் ‘நியூயூஸ்’ என்று சொன்னால், பாதிக்கப்பட்ட நிரல்கள் மீண்டும் கம்பைல் ஆகும்.

2014 தந்த பாடம்

2014 ஏப்ரலில் ‘ஹார்ட்பிளீட்’ என்னும் குறை உலகுக்குத் தெரியவந்தது. இணையச் செய்திகளை மறைகுறியாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் நூலகத்தில் இருந்த ஓட்டை அது. அதன் வழியே ஒரு முறைக்கு 64 கிலோபைட் வரை கணிப்பொறியின் நினைவகத்தை வெளியார் படிக்க முடிந்தது. கடவுச்சொற்களும் இரகசியத் திறவிகளும் அதில் அகப்படலாம்.

இத்தகைய நூலகத்தைப் பலரும் பெயர் சொல்லிப் பொருத்துவதில்லை. வேறொரு நிரலுக்குத் துணையாக, சங்கிலியின் அடியில் அது வந்து சேர்கிறது. ‘டீப்’ இன்றிப் புதுப்பித்தால், மேலே எல்லாம் புதிதாகவும் அடியில் ஓட்டை பழையபடியும் இருக்கக்கூடும். அதே சமயம் மூலநிரல் வழியின் நன்மையும் அப்போது விளங்கிற்று. குறையுள்ள ‘ஹார்ட்பீட்’ பகுதிக்கு ஜென்டூவில் தனி யூஸ் கொடி இருந்தது. அதை நீக்கிக் கம்பைல் செய்தால், அந்தப் பகுதியே இல்லாத நூலகம் கிடைத்தது!

ஆனால் நூலகத்தை மாற்றியதும் வேலை முடிவதில்லை. முன்பே இயங்கிக்கொண்டிருக்கும் நிரல்கள், நினைவகத்திலுள்ள பழைய படியையே பயன்படுத்தும். அவற்றை நிறுத்தி மீண்டும் இயக்கினால்தான் காப்பு முழுமையாகும்.

நேரமும் தேர்வும்

பெரிய நிரல்களைக் கம்பைல் செய்ய மணிக்கணக்கில் ஆகலாம். இதனால் புதுப்பித்தலைத் தள்ளிப்போடுவோர் உண்டு. மாற்றங்கள் குவியக் குவியச் சிக்கலும் பெருகும். 2023 டிசம்பரில் ஜென்டூ, பரவலாகப் பயன்படும் கணிப்பொறி வகைகள் இரண்டுக்கு ஆயத்தத் தொகுப்புகளையும் விரிவாக வழங்கத் தொடங்கிற்று. ‘கெட்பின்பிகேஜி’ என்னும் துணைச்சொல்லால் அவற்றைப் பெறலாம். அளவுச் சட்டைக் கடையிலேயே ஆயத்தச் சட்டையும் கிடைப்பது போன்றது இது.

எவ்வழியைத் தேர்ந்தாலும் விதி ஒன்றே. கண்ணுக்குத் தெரியும் நிரலைப் புதுப்பித்தால் மட்டும் போதாது. அது தாங்கி நிற்கும் அடித்தளத்தையும் புதுப்பிக்க வேண்டும்.